வியாழக்கிழமை நல்ல டீம் ஆடாது

செப்டம்பர் 25, வியாழன்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று சாயங்காலம் குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, ரேடியோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் கேட்டேன். வயது ஐம்பத்தாறு. ஆல்டர்ஷா சந்தையில் சொந்தமாக மீன் கடை. கடைக்கு மேல் ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாரை நிற்கிறது, எங்கள் கால்பந்து டீமின் சின்னம். அப்பேர்ப்பட்ட மனிதன் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து மேட்ச் கேட்டேன்.

"நெவ், உயிரோட இருக்கியா?" லொரேன் கதவைத் தட்டினாள்.

"குளிக்கிறேன்."

"நேத்துதானே குளிச்ச?"

இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது ஒன்று போதும் சந்தேகப்பட. அந்த நேரம் பார்த்து நாரைகள் கோல் போட்டார்கள். துண்டைக் கடித்துக்கொண்டேன்.

இப்படி எழுதுவது டாக்டரம்மா சொன்ன வைத்தியம். ரத்தக் கொதிப்பு. "டிவியைப் பாத்துக் கத்தாதீங்க. கத்தணும்போல இருந்தா எழுதுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுது என்றால் கத்தினேன். இப்போது கத்தாமல் எழுதச் சொல்கிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதற்கு ரத்தக் கொதிப்புதான் பொறுப்பு.

செப்டம்பர் 26, வெள்ளி

ஏன் ஒளிந்து கேட்டேன் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் பெரிய டீம்கள் ஆடும் பெரிய கோப்பை செவ்வாய், புதனில் நடக்கும். அதற்குத் தகுதி இல்லாதவர்களுக்கு ஒரு சின்னக் கோப்பை உண்டு. அது வியாழக்கிழமை. எங்கள் ஊரில் ஒருவனை வாய்விட்டுத் திட்ட முடியாத இடத்தில் "நீ வியாழக்கிழமைக்காரன்தானே" என்று கேட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். பெரிய கோப்பை எங்கள் அலமாரியில் இரண்டு இருக்கிறது. இரண்டும் நான் தொட்டிலில் கிடந்தபோது ஜெயித்தவை. நான் பார்த்து ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் பெரிய டீம் பெரிய டீம்தான்.

அந்தப் பெரிய டீம் போன சீசனில் ஆறாவதாக முடித்துத் தொலைத்தது. வியாழக்கிழமைக்கு இறங்கிவிட்டோம். அன்றைக்கு நான் 'கறுப்புக் காளை' பப்பில் நாற்காலிமேல் ஏறி நின்று சத்தியம் செய்தேன்: "அந்தத் தகரக் கோப்பை மேட்ச் ஒண்ணு நான் பாத்தேன்னா, என் கடையில ரொட்டிக்காரங்க கொடிய மாட்டுறேன்!"

ரொட்டிக்காரர்கள் என்றால் பக்கத்து ஊர் பென்பரி டவுன். சின்ன டீம். பழுப்பு நிறச் சட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ அதிர்ஷ்டத்தில் வியாழக்கிழமைக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டு, நிலாவில் கால் வைத்த மாதிரி குதித்தார்கள். அவர்களின் பரம பக்தர் ராய்ஸ்டன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காதில் மெஷின். வெள்ளிக்கிழமைதோறும் என் கடைக்கு ஹாடக் மீன் வாங்க வருவார். அந்த வருஷம் முழுக்க அவரை நான் ஓட்டாத ஓட்டு இல்லை. ஒரு காலண்டரில் வியாழக்கிழமைகளை மட்டும் வெட்டி ஒட்டிப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தேன்.

போகட்டும் என்று பார்த்தால், என் மகள் ஸ்டேசி ராய்ஸ்டனின் மகனைக் காதலித்துவிட்டாள். பையன் கேலம். கால்பந்து பார்க்கமாட்டான், கள்ளிச்செடி வளர்ப்பான். நல்ல பையன். நிச்சயத்தன்று எந்தக் கிழமையில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. சனி ஞாயிறு லீக் மேட்ச். செவ்வாய் புதன் பெரிய கோப்பை. நான்தான் மேசையைத் தட்டிச் சொன்னேன்: "வியாழக்கிழமை வை. வியாழக்கிழமை நல்ல டீம் எதுவும் ஆடாது."

வருகிற மே 21. வியாழன்.

ராய்ஸ்டன் இன்று கடைக்கு வந்தார். ஹாடக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நேத்து நாரைங்க ஜெயிச்சிட்டாங்களாமே?"

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"மூணுக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க."

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றேன்.

அவர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு, ஹாடக்கை வாங்கிக்கொண்டு போனார்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்றும் குளித்தேன். ஜெயித்தோம்.

அக்டோபர் 24, வெள்ளி

தோற்றோம். வடக்கே ஏதோ ஒரு தீவில். மைதானத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்கிறதாம், ரேடியோவில் சொன்னார்கள். எதிர் டீம் கோல்கீப்பர் தபால்காரராம். எங்கள் முன்னாட்டக்காரன் வாங்கும் வாரச் சம்பளத்தில் அந்த ஊரையே வாங்கிவிடலாம், ஆட்டோடு சேர்த்து. அவன் அடித்த பந்தையெல்லாம் தபால்காரர் பத்திரமாக வாங்கிவைத்துக்கொண்டார். ஒன்றுகூடப் பட்டுவாடா ஆகவில்லை.

சந்தை முழுக்க இன்று ஒரே சிரிப்பு. காய்கறிக்காரன் என் கடைக்கு வந்து, "நெவ், ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்திருக்கு, கையெழுத்துப் போடு" என்கிறான்.

எனக்கு என்ன வந்தது? நான்தான் பார்க்கவே இல்லையே.

பார்க்காத மேட்சுக்கு இப்படித் தூக்கம் கெடுமா?

நவம்பர் 28, வெள்ளி

போச்சு. மானம் போச்சு.

நேற்று நம் ஊரில் மேட்ச். ஒரே ஒரு தடவை, ஓரமாக, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். லொரேனிடம் பல் டாக்டர் என்று சொன்னேன். மைதானம் பாதிக்கு மேல் காலி. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதே ரோஷம், வியாழக்கிழமை யார் வருவார்கள் என்று. குளிரில் காலி நாற்காலிகள்தான் வரிசையாக மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆனால் ஒன்று. என்ன ஆட்டம்! பெரிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டுப் பொடியன்களை இறக்கியிருந்தார்கள். தோற்றால் என்ன என்ற அலட்சியம்தான். அந்தப் பொடியன்களோ தோற்றால் உயிர் போய்விடும் என்று ஓடினார்கள். எதிரிலே வந்திருந்தது மலைநாட்டு டீம் ஒன்று. கூட வந்த ஜனம் கொஞ்சம்தான், அதில் பாதி குடும்பம் குட்டியோடு, டிரம்மோடு. மூன்று கோல் வாங்கின பிறகும் பாடினார்கள். எங்கள் மைதானத்தையே கோயிலுக்கு வந்த மாதிரி போட்டோ பிடித்தார்கள். நாங்கள் எப்போது கடைசியாக அப்படிப் பாடினோம்?

நாலாவது கோல் விழுந்தபோது என்னை மறந்துவிட்டேன். எழுந்து ஆடினேன். எங்கள் வீட்டு ஆண்கள் ஆடுவதைப் பார்த்தால் எதிலோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். மைதானம் காலியாக இருந்ததால் காமிராக்காரனுக்குக் காட்ட வேறு ஆள் இல்லை. பெரிய திரையில் நான். கப்பல் அளவுக்கு. டிவியிலும் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். லொரேன் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு பிடுங்கியாச்சா?"

"ம்."

"நல்லா தெரிஞ்சுது, எல்லாப் பல்லும்."

டிசம்பர் 1, திங்கள்

சொன்ன சொல் தவறக் கூடாது. கடையில் ரொட்டிக்காரர்கள் கொடி மாட்டியாகிவிட்டது. ராய்ஸ்டனே ஏணி கொண்டுவந்து, நாரையின் கழுத்தில் கட்டிவிட்டு, இறங்கி வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருக்கு மப்ளர் கட்டின மாதிரி இருக்கு சம்பந்தி. பாவம், இத்தனை நாளா விறைச்சுப்போய் நின்னுச்சு."

"சிரிங்க, சிரிங்க."

"சிரிக்கலய்யா. ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்கு இது இறக்கம். எங்களுக்கு அது திருவிழா. நான் பாஸ்போர்ட் எடுத்ததே அந்தக் கோப்பைக்குத்தான். அறுபத்திரெண்டு வயசுல."

பதிலுக்கு நக்கலாக எதையாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு துண்டு ஹாடக் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

முதல் கட்டம் தாண்டினோம். இப்போது ஒளிவு மறைவு இல்லை, சோபாவில் உட்கார்ந்தே பார்க்கிறேன். குளிப்பது பழையபடி குறைந்துவிட்டது. லொரேன் மேட்ச் பரவாயில்லை, குளியலைத் தொடர்ந்திருக்கலாம் என்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று அடுத்த சுற்றின் முதல் மேட்ச், எதிராளி ஊரில். டிரா. அடுத்த வாரம் நம் ஊரில். ராய்ஸ்டன் ஹாடக் வாங்க வந்தார். மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சம்பந்தி, ஒண்ணு கவனிச்சீங்களா? இதோட ஃபைனல் நம்ம கல்யாண வாரத்துலதான் வருது."

கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

கல்யாண வாரம். வியாழக்கிழமைக் கோப்பை. அந்த வாரத்தில் இருப்பது ஒரே ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் என் பெண் கல்யாணம். நாள் குறித்தது யார்? மேசையைத் தட்டியது யார்?

நாரைகள் ஃபைனல் வரை போகமாட்டார்கள். போவார்களா? போய்த் தொலைக்கிற மாதிரிதான் ஆடுகிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

நேற்று ஜெயித்துவிட்டோம். இன்னும் நாலு மேட்ச். அப்புறம் ஃபைனல்.

கடவுளே, நான் எதற்கு வேண்டிக்கொள்வது?

தோற்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதிவிட்டேன். உடனே அடித்துவிடலாம் போலிருக்கிறது. தொட்டிலில் கிடந்தவன் நான், இரண்டு கோப்பையையும் தூங்கிக் கோட்டைவிட்டவன். மூன்றாவதையும் விட்டுவிட்டால்?

அவளுக்கு நான் ஒருத்தன்தான் அப்பா. நாரைகளைப் பார்க்க ஊரே இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

மார்ச் 22, ஞாயிறு

ஸ்டேசியும் கேலமும் சாப்பிட வந்தார்கள். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, புதினாச் சட்னி. எல்லாரும் வயிறு நிறைந்து சாந்தமாக இருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"ஸ்டேஸ், கல்யாணத்த ஒரு நாள் முன்னாடி வெச்சுக்கிட்டா என்ன? புதன்கிழமை?"

"எதுக்குப்பா?"

"மீன் லோடு. வெள்ளிக்கிழமை ஊரே மீன் திங்குது. லோடு வியாழக்கிழமை வருது. கடையில நான் இல்லாட்டி..."

"லோடு வெள்ளிக்கிழமை காலைலதானே வரும்?"

"மாத்திட்டாங்க."

ஸ்டேசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துவந்து என் தோளில் கை வைத்தாள். "சரிப்பா. உனக்கு எது வசதியோ அப்படியே வெச்சுக்கலாம்." குரல் ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டவுன்ஹாலிலும் புதன்கிழமை காலியாக இருக்கிறதாம். அழைப்பிதழில் எல்லாம் லொரேன் தேதிமேல் சின்னச் சீட்டு வெட்டி ஒட்டுகிறாள். ஒவ்வொன்றையும் ஒட்டும்போது என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

நானும் மூளைக்காரன்தான்.

மார்ச் 27, வெள்ளி

ராய்ஸ்டனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஹாடக்கைத் திரும்ப ஐஸில் வைத்தார்.

"புதன்கிழமையா?"

"புதன்கிழமை."

"மே இருபதாம் தேதி? நல்லா யோசிச்சிட்டீங்களா சம்பந்தி?"

"யோசிக்காம செய்வேனா?"

"இல்ல, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"உங்கள ஏன்யா சொல்றேன்?"

"அப்ப கையக் குடுங்க" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. குளிர் காற்று என்று நினைத்தேன். நல்ல மனிதர். சம்பந்தம் என்றால் இப்படி அமைய வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலிறுதி ஜெயித்தாயிற்று! மைதானத்தில் நேற்று ஒரு நாற்காலி காலியில்லை. தகரம் என்று சொன்னவனெல்லாம் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். எங்கே இருந்தீர்கள் நவம்பரில், நான் தனியாக ஆடியபோது?

ஸ்டேசி தினம் போன் பண்ணுகிறாள். நல்லா தூங்குனியா, மூச்சு வாங்குதா, மாத்திரை போட்டியா என்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு அப்பாமேல் பாசம் பொங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மே 8, வெள்ளி

காலையில் ராஜா மாதிரி கடையைத் திறந்தேன். நேற்று அரையிறுதி ஜெயித்து ஃபைனல் வந்துவிட்டோம். நாரைக்கு நீலமும் வெள்ளையுமாகப் புது ரிப்பன். காய்கறிக்காரன் வந்தான்.

"புதன்கிழமை எங்க உக்காந்து பாக்கப் போற நெவ்?"

"எந்தப் புதன்கிழமை?"

"ஃபைனல்."

"ஃபைனல் வியாழக்கிழமைடா."

"மத்ததெல்லாம் வியாழக்கிழமைதான். ஃபைனல் மட்டும் புதன்கிழமை. எப்பவும் அப்படித்தானே? மே இருபது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினான். பக்கத்தில் ரொட்டிக்கடைப் பெண்ணைக் கேட்டேன், புதன் என்றாள். கூட்டுகிற ஆளைக் கேட்டேன், புதன். கால்பந்தே பார்க்காத பூக்காரக் கிழவரைக் கேட்டேன்.

"புதன்" என்றார். "ஏன், கல்யாணம் அன்னைக்கா?"

நல்ல டீமுக்கு எதற்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று இத்தனை வருஷம் நான் தெரிந்துகொள்ளவே இல்லை. தகரக் கோப்பையின் ஃபைனல் என்றைக்கு என்று கேட்டாலே கேவலம் என்று இருந்தேன். தெரிந்த ஆளோ என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மத்தியானம் அந்த ஆளே வந்தார். இரண்டடி தள்ளியே நின்றார், என் கையில் கத்தி இருந்ததால்.

"யோவ் சம்பந்தி! தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

ராய்ஸ்டன் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கேக்கல" என்றார். "ஹாடக் ரெண்டு துண்டு."

மே 9, சனி

அசையாமல் இருந்திருந்தால் போதும். புதன்கிழமை மேட்ச், வியாழக்கிழமை கல்யாணம். எல்லாம் எனக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது.

மே 10, ஞாயிறு

ஸ்டேசியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று தயாராகப் போனேன்.

"மீன் லோடு எப்ப வரும்னு எனக்குத் தெரியாதாப்பா? சின்ன வயசுல ஐஸ் அள்ளிக் கொட்டுனவ நான். நீ பொய் சொல்றேன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சரின்ன?"

"உனக்கு என்னமோ இருக்குன்னு நெனச்சேன். ரத்தக் கொதிப்பு, எழுதச் சொல்லி டாக்டர்... வியாழக்கிழமை ஆபரேஷன் ஏதோ வெச்சிருக்காங்க, எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நீ மறைக்கிறேன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் தூங்கலப்பா நான்."

சொல்லிவிட்டு அழுதாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள். நாரைக்காகப் புது ரிப்பன் வாங்கியவன் நான். இவள் தினம் போன் பண்ணி மூச்சு வாங்குதா என்று கேட்டிருக்கிறாள்.

கேலம் மெதுவாக உள்ளே போய் ஒரு கள்ளிச்செடித் தொட்டியைக் கொண்டுவந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தான். ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தேதி மாறாது. அன்னைக்கு யார் கையிலயும் போன் இருக்காது. வாசல்ல உன் மீன் டப்பா ஒண்ணு வெப்பேன், எல்லாரும் அதுல போட்டுட்டு உள்ள வரணும். உன் பேச்சு சரியா மேட்ச் நேரத்துல. நீளமா பேசணும். மனசுல இருந்து."

"பேசுறேம்மா."

"மேட்ச்ல ஒரு பாதி முழுக்கப் பேசுப்பா."

மே 15, வெள்ளி

ராய்ஸ்டன் வந்து கடைக்குப் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, எனக்கும் மனசு கேக்கல. விளையாட்டா விட்டேன், பொண்ணு அழுதுச்சுன்னு கேலம் சொன்னான். பாவம்." பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "இது புது மெஷின். போன் டப்பாவுல கெடந்தாலும் அதுல ஓடுற ரேடியோ என் காதுல கேக்கும். வாசல் பக்கம் இருக்கிற மேசையில என்னைப் போடச் சொல்லுங்க."

"எல்லாம் கேக்குமா?"

"பொண்டாட்டி பேசுறதத் தவிர எல்லாம் கேக்கும்."

ஜாடை பேசி வைத்துக்கொண்டோம். எதிராளி கோல் போட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். நாரைகள் போட்டால் எழுந்து நின்று கிளாஸைத் தூக்குவார். இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம், எலுமிச்சை சோடா பாட்டிலை வைத்து. குழப்பம் வர வழியே இல்லை.

மே 20, புதன்

காலை. சூட் போட்டாயிற்று. கழுத்துப் பட்டி இறுக்குகிறது. ஸ்டேசி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எழுத வரவில்லை.

மே 21, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது.

டவுன்ஹாலில் கையெழுத்துப் போடும்போது கேலமின் பேர் ஒரு வரி தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் விருந்து. வாசலில் என் மீன் டப்பா, கழுவித்தான் வைத்திருந்தார்கள். போன்கள் எல்லாம் அதில். ராய்ஸ்டன் வாசல் பக்கத்து மேசையில், என் கண்ணுக்கு நேராக. எனக்குப் பின்னால் கேக் மேசை. கேக் மூன்று அடுக்கு. உச்சியில் சர்க்கரையில் செய்த நாரை ஒன்று, பக்கத்தில் சர்க்கரை ரொட்டி ஒன்று. ராய்ஸ்டன் குடும்பத்தின் உபயம்.

எட்டு மணிக்கு மேட்ச் ஆரம்பித்தது. எட்டு மணிக்குப் பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மனசிலிருந்து பேசினேன். குட்டிக் கையால் ஐஸ் அள்ளிக் கொட்டியது, மீனுக்கெல்லாம் பேர் வைத்து, விற்கும்போது அழுதது, பொய் சொல்கிற அப்பனுக்கு உடம்பு சரியில்லையோ என்று தூங்காமல் கிடந்தது, எல்லாம் சொன்னேன். நடுவில் கொஞ்ச நேரம் மேட்சை மறந்தே போனேன். லொரேன் இதை நம்பவில்லை. ஸ்டேசி நம்பினாள்.

கடைசியில், "எல்லாரும் எழுந்திருங்க, மணமக்களுக்காகக் கிளாஸைத் தூக்குங்க" என்றேன்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் பார்த்தது ராய்ஸ்டனை மட்டும்தான். அவர் எழுந்து நின்றார். கிளாஸைத் தூக்கினார்.

"கோல்!" என்று கத்தி, இரண்டு கையையும் விரித்துப் பின்னால் குதித்தேன்.

அப்போது கோல் எதுவும் விழுந்திருக்கவில்லை. கேக்தான் விழுந்தது. மேல் இரண்டு அடுக்குகள் என் அடியில் போய்விட்டன. கீழ் அடுக்கு நன்றாக இருந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாற்காலியில் பேப்பர் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். லொரேன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டேசி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், வெள்ளை உடையோடு. அந்த நேரத்தில் ராய்ஸ்டன் மறுபடி எழுந்து நின்று கிளாஸைத் தூக்கினார். கண் வெளியே வந்துவிடும்போல் என்னையே பார்த்தார். கிளாஸை இன்னும் உயரத் தூக்கினார். காதைத் தொட்டுக் காட்டினார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றேன். "வாழ்த்தி முடிச்சாச்சு."

அவர் நாற்காலிமேலேயே ஏறி நின்றார். குடித்துவிட்டார் என்று அவர் பெண்டாட்டி இறக்கி உட்கார வைத்தாள்.

மேட்ச் முடிந்த பிறகுதான் டப்பாவைத் திறந்து போன்களைக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு சைபர். நாரைகள் கோப்பையை ஜெயித்துவிட்டார்கள். நான் உயிரோடு, விழித்த கண்ணோடு இருக்கும்போது ஐரோப்பாவில் ஜெயித்த முதல் கோப்பை. கோல் விழுந்தபோது நான் பேப்பர்மேல் உட்கார்ந்திருந்தேன்.

ராய்ஸ்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொன்னேனே" என்றார். "கேக்கல" என்றேன். இரண்டு பேரும் கீழ் அடுக்கில் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டோம்.

இன்று வியாழக்கிழமை. மேட்ச் எதுவும் இல்லை. வாடகைச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் பைகளைத் துழாவிப் பார்த்தார். கால்சட்டையின் பின் பையில் சர்க்கரை நாரையின் மூக்கு இருந்தது.

"இது உங்களுதா?" என்றார்.

ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.